எழுபத்திரண்டு வினாடி

டாக்டர் போனில் கத்தியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் பாவம். இரண்டாவதாகச் செய்ததைப் பாவம் என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எண்பத்தைந்தாம் வருஷம் அது. சிம்மக்கல்லில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். மெட்ராஸுக்குப் போய், இதயக் குழாய் அடைப்புக்குக் காலிலிருந்து இரத்தக் குழாயெடுத்து ஒட்டுப்போட்டுக்கொண்டு வருகிறவர்கள் வாராவாரம் என்னிடம் வருவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அவர்களுக்கு ஒரு மாத்திரை. அது எம்மட்டுக்கு வேலை செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை ஊற்றி, மருந்து சேர்த்து, வெந்நீரில் வைத்து, உறைய எத்தனை வினாடி என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். சாதாரண ஆளுக்குப் பதிமூன்று. மாத்திரைக்காரர்களுக்கு இருபத்தைந்து வரை போகலாம். குறைந்தால் ஒட்டுப்போட்ட குழாய் அடைத்துக்கொள்ளும். ரொம்பக் கூடினால் பல் விளக்கினாலே இரத்தம் கொட்டும்.

அன்று காலை இரண்டு பேர் இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் கண்ணுச்சாமி அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினம் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குப் பதினைந்து வினாடி. இன்னொருவன் கருத்தக்கண்ணன், திருநகரில் பெரிய வீடு. தினம் ஒரே ஒரு மாத்திரை. அவனுக்கு எழுபத்திரண்டு. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அதே கதைதான்.

"ரெண்டு சாப்பிடுறவருக்குப் பதினஞ்சு, ஒண்ணு சாப்பிடுறவருக்கு எழுபத்திரண்டா?" என்று டாக்டர் எகிறினார். "டியூப்பை மாத்தி வச்சுட்டே பாண்டியம்மா! கருத்தக்கண்ணனுக்குத்தான் பதினஞ்சு. அவர் டிரைவர் இங்கதான் நிக்கிறாரு, ராத்திரியிலருந்து ரெண்டாப் போடச் சொல்லி அனுப்பிடுறேன். கண்ணுச்சாமி ரிசல்ட் வாங்க வந்தா மாத்திரையை நிறுத்தச் சொல்லு. கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேலை பாக்குறே?"

போனை வைத்துவிட்டார்.

நான் மாற்றவில்லை. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பிளாஸ்திரியில் பெயரெழுதிக் குழாயில் ஒட்டிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன். ஒரே மாத்திரை ஒருவர் இரத்தத்தைத் தண்ணீராக்கும், இன்னொருவர் இரத்தத்தை அசைக்கக்கூடச் செய்யாது. நான் கண்ணால் பார்த்ததுதான். ஏன் அப்படி என்று கேட்டால் டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த எழுபத்திரண்டு அவனுடையதுதான். அதற்கு மேல் இன்னொரு மாத்திரை என்றால் ஆள் காலி.

ஆனாலும் நான் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது.

அறுபத்து நாலில் எனக்கு எட்டு வயசு. செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். என் அப்பா சங்கிலி இந்தக் கருத்தக்கண்ணன் காட்டில்தான் உழைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பிரசவமாகி இரத்தம் நிற்கவில்லை. அந்த வட்டாரத்துக்கே ஒரு கார், அவனுடையது. அப்பா ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். கார் கொட்டகையில் சும்மா நின்றது. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தான்.

"வண்டி சீட்டு கறையாயிரும்டா சங்கிலி. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போ" என்றான்.

கட்டிலில் வைத்துத்தான் நாலு பேர் தூக்கிப் போனார்கள். அம்மா உயிர் நாகமலையைத் தாண்டவில்லை. கட்டிலுக்குக் கீழே ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்ததை நான் மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஓடினேன். பச்சைக்குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. அம்மா பெயர் சோணையம்மாள்.

இவன் மெட்ராஸிலிருந்து வந்து முதன்முதலாக என் முன்னால் கையை நீட்டியபோது, பெயரையும் சொந்த ஊரையும் கேட்டு எழுதினேன். அவனேதான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. புஜத்தில் ரப்பரை வேண்டியதற்கு மேலேயே இறுக்கிக் கட்டினேன். "மெதுவாம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமாக இருந்தது.

இப்போது பழம் நழுவிப் பாலிலேயே விழுந்துவிட்டது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். தெய்வம் நின்று கொல்லும் என்பார்களே, நிற்கட்டும், நாற்காலி போட்டுத் தருகிறேன் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

பதினோரு மணிக்குக் கண்ணுச்சாமி அண்ணன் வந்தார்.

"என்ன தாயி, என் ரத்தம் என்ன சொல்லுது? ஒத்த விசிலா, ரெட்டை விசிலா? நிக்கணுமா, போகலாமா?"

மாத்திரையை நிறுத்துங்கள் என்று இவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பத்து நாளில் குழாய் அடைத்து இவர் போய்ச் சேருவார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷன். இவருடைய பதினைந்து சரி என்று சொன்னால் அவனுடைய எழுபத்திரண்டும் சரி என்று ஆகிவிடும். அவனைக் கொல்வதென்றால் இவரையும் சேர்த்துக் கொல்ல வேண்டும். சண்டாளன், சாவுக்குக்கூடத் தனியாகப் போக மாட்டேன் என்கிறான்!

"நிறுத்திராதீங்கண்ணே. உங்களுக்கு இன்னும் ஏத்தணும். டாக்டர்ட்ட நானே பேசுறேன்" என்றேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். கருத்தக்கண்ணன் வீட்டில் போன் கிடையாது. ஊசியையும் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு திருநகர் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க அவனைத்தான் திட்டிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

அவன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். மூக்கில் அழுத்தியிருந்த துண்டு முழுக்கச் சிவப்பு. அவன் மனைவி ரெங்கம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"லேப் பொண்ணாம்மா? நல்லவேளை வந்தே. காலையிலருந்து மூக்குல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. சூடுன்னு வெந்தயம் ஊறவச்சுக் குடுத்தேன். டாக்டர் இனிமே ரெண்டு மாத்திரை போடச் சொன்னாராம். ராத்திரிக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"அதைத் தொடாதீங்க. ஒண்ணுகூடக் கூடாது" என்று மாத்திரையைப் பிடுங்கிப் பையில் போட்டேன். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே!"

வெள்ளை அம்பாசடர் வாசலுக்கு வந்தது. பழைய கார் இல்லை, புதுசு. சீட்டுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது. நானும் டிரைவரும் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தோம். அதற்குள் ரெங்கம்மாள் உள்ளே ஓடிப்போய் ஒரு பழைய சேலையை நாலாக மடித்துக் கொண்டுவந்து பின் சீட்டில் விரித்தாள்.

"என்னத்துக்கு அது?" என்றேன்.

"வண்டி சீட்டு கறையாயிரும்லம்மா?"

அந்த அம்மாள் மேல் தப்பில்லை, தெரியும். ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. சேலையை உருவி வாசலில் எறிந்தேன்.

"ஆகட்டும்! நல்லாக் கறையாகட்டும்!"

அவனை வெறும் சீட்டில் உட்கார வைத்து நானும் பக்கத்தில் ஏறினேன். திருப்பரங்குன்றம் தாண்டும்போது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா... நீ யாரு மக?"

"சோணையம்மா மக. உங்க காட்டுல கிடந்த சங்கிலி பொண்டாட்டி சோணையம்மா."

அவன் முகம் மாறியது. மறக்கவில்லை. இருபத்தொரு வருஷமாக மறக்கவில்லை, படுபாவி. வலது கையைத் தூக்கிப் பாதிக் கும்பிடாக வைத்துக்கொண்டு, "அன்னிக்கு நான்... ஆத்தா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"பேசாதீங்க" என்றேன். "பேசினா ரத்தம் கூடும். தலையை முன்னால குனிங்க."

குனிந்தான். சொட்டுச் சொட்டாக வெள்ளை உறையில் விழுந்ததை ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே போனோம்.

பிழைத்துக்கொண்டான். ஊசி போட்டு, இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அங்கே புதிதாக எடுத்துப் பார்த்தபோதும் எழுபதுக்கு மேலேதான் வந்தது. சாயங்காலம் டாக்டர் வந்து, "நீ சொன்னதுதான் சரி பாண்டியம்மா" என்றார். நான் எங்கே சொன்னேன்? கண்ணுச்சாமி அண்ணனுக்கு மூன்று மாத்திரை வரை ஏற்றியபிறகுதான் இருபத்து மூன்று வந்தது. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்தார், போய்ச் சாப்பிட்டு வந்தேன். கருத்தக்கண்ணனுக்குக் கால் மாத்திரையே தாராளம்.

அதற்குப் பிறகும் திங்கட்கிழமை தவறாமல் அவன் வந்தான். இரத்தத்தை மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்ப முடியாதே. உறையை மாற்றிவிட்டார்கள், ஆனால் கறை அடியில் மெத்தை வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று டிரைவர் சொன்னான். என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டும்போதெல்லாம் அவன் உதடு துடிக்கும். "ஆத்தா, ஒரு வார்த்தை மட்டும்..." என்பான்.

கேட்டுவிட்டால் அவனுக்குப் பாரம் இறங்கிவிடும். எனக்கு?

"பேசாதீங்க" என்று சொல்லி ரப்பரை இறுக்குவேன்.