ஸ்கூட்டர் பள்ளிக்கு எழுத ஆள் தேவை

சங்கீதாவின் ஸ்கூட்டர் பள்ளியில் எல்லாம் இருந்தது. ஸ்கூட்டர் இருந்தது. மரநிழல் விழுந்து, முற்பகல் நேரத்தில் நாய்கூடக் குறுக்கே வராத அகலமான சாலை இருந்தது. அந்த விஷயத்தில் நெய்வேலி நகரியத்தை அடித்துக்கொள்ள ஊரே கிடையாது. 'பெண்களுக்குப் பெண்ணே கற்றுத் தருவார்' என்று குவார்ட்டர்ஸ் கேட்டில் அட்டைகூடத் தொங்கியது. கற்றுக்கொள்ளத்தான் ஒருத்தியும் இல்லை.

ஆரம்பத்தில் நாலைந்து பேர் வந்தார்கள், கற்றுக்கொண்டார்கள், போய்விட்டார்கள். அப்புறம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கணவன் அருண்ராஜ் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், பொல்லாதவன் என்று சொல்ல முடியாது. ஆனால் சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. விருத்தாசலத்தில் இருக்கும் தம்பி குழந்தைவேல் வண்டி கேட்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டான். அதற்குள் ஒரே ஒரு ஆள் சேர்ந்தாலும் தன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்வதாகப் பெரிய மனது பண்ணினான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சங்கீதா தானாக ஆரம்பித்த ஒரே காரியம் அந்தப் பள்ளிதான். வண்டி போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

வலைப்பூ ஆரம்பித்து எழுதிப் போட்டால் ஆள் வரும் என்று யாரோ சொன்னார்கள். சங்கீதாவுக்கு வாய் உண்டு, எழுத வராது. பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் 'எழுத ஆள் தேவை' என்று போட்டாள். புதன்கிழமை காலையிலேயே கம்மாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள் வெண்மதி. இருபத்து மூன்று வயது, தோளில் லேப்டாப் பை, ஊரையே எழுதித் தள்ளிவிடுகிற தைரியம். தான் ஃப்ரீலான்ஸ் என்றாள். அருண்ராஜ் அவளைப் பார்த்து பர்மனென்டா, கான்ட்ராக்டா என்று கேட்டான். இரண்டும் இல்லை என்றாள். அப்படியானால் எந்த ஷிப்ட் என்றான். ஷிப்டும் இல்லை என்றதும், பாவம் பிள்ளை என்கிற முகத்தோடு சாப்பிடப் போய்விட்டான்.

அவள் எழுதிய முதல் கட்டுரையின் தலைப்பு 'சிறகுகளே, எழுக!' உள்ளே வானம் இருந்தது, பறவை இருந்தது, விடுதலை இருந்தது, காற்று பத்து இடத்தில் வீசியது. பக்கத்து வீட்டு ஜானகியம்மாளிடம் படித்துக் காட்டினார்கள். திருவதிகையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் கணவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்தே காலம் தள்ளியவர் அவர். அடுத்த வாரம் சேர்கிறேன், அடுத்த வாரம் சேர்கிறேன் என்று சங்கீதாவிடம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முழுதும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, இது வண்டியா, ஏரோப்ளேனா?" என்றார்.

சங்கீதாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஸ்கூட்டரில் பின் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று வெண்மதியைக் கேட்டாள். வெண்மதி யோசித்தாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

அட ராமா! வண்டியைத் தொட்டே பார்க்காதவளிடம் வண்டியைப் பற்றி எழுதக் கொடுத்திருக்கிறாள். சங்கீதாவுக்கு வந்த கோபத்தில் அப்போதே பஸ் ஏற்றி விட்டிருப்பாள். ஆனால் ஞாயிறுக்குள் வேறு ஆளுக்கு எங்கே போவது? சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் கவிழ்த்து, ஏறி உட்கார் என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வெண்மதி தட்டுத்தடுமாறி நேராகப் போகக் கற்றுக்கொண்டாள். நிறுத்தத்தான் வரவில்லை. பிரேக்கைப் பிடிக்கிற அவசரத்தில் ஆக்சிலேட்டரையும் சேர்த்து முறுக்கிவிடுவாள். சங்கீதாவின் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு: மத்தியான ஷிப்ட் போவதற்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் சுரங்கத்துச் சாலை முழுக்க இரு சக்கர வண்டிகளாக இருக்கும், நகரியத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு வெண்மதி புதிதாக இரண்டு பத்தி எழுதிக் கொண்டு வந்திருந்தாள். அவளை ரவுண்டானா வரை போய்வரச் சொல்லிவிட்டு, சங்கீதா வேப்பமரத்தடியில் நின்று போனில் அதைப் படிக்க ஆரம்பித்தாள். பறவையைக் காணோம். 'வண்டி ஆடுவதற்கு முன்னால் என் முழங்கால் ஆடுகிறது' என்று இருந்தது. சங்கீதா சிரித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள், நேரத்தை மறந்தே போனாள்.

நிமிர்ந்து பார்த்தால் சாலை தெரியவில்லை. ஷிப்டுக்குப் போகிற கூட்டம். அதன் நடுவே சிவப்பு ஹெல்மெட் ஒன்று சுரங்கத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

சங்கீதா ஓடினாள். ஜானகியம்மாள் வீட்டு கேட்டில் சாய்ந்திருந்த சைக்கிளை எடுத்து மிதித்தாள் பாருங்கள், துப்பட்டா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்! முன்னாலிருந்து வெண்மதியின் குரல் மட்டும் கேட்டது: "எனக்கு நிறுத்தத் தெரியாதுங்க! யாரும் தப்பா நெனச்சிக்காதீங்க!"

அதே கூட்டத்தில்தான் அருண்ராஜும் போய்க்கொண்டிருந்தான். தன் வீட்டு ஸ்கூட்டர் தன்னையே முந்திப் போவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். அப்புறம் இடது பக்கம் அவன் சேர்ந்துகொள்ள, வலது பக்கம் அவன் சிநேகிதன் சேர்ந்துகொள்ள, பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ள, ஒரு ஷிப்டே அவளைச் சாமி ஊர்வலம் மாதிரி நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனது. சுரங்க கேட்டுக்கு முன்னால் இருந்த மேட்டில், முறுக்கிய கை தளர, வண்டி தானாக ஓய்ந்து நின்றது. காவலர் வந்து பாஸ் கேட்டார்.

"நான் எழுத வந்தேங்க," என்றாள் வெண்மதி.

அவ்வளவுதான், அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அருண்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்க வந்து சேர்ந்த சங்கீதாவிடம், தம்பி வந்ததும் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். சங்கீதாவுக்குக் கண் கலங்கியது. வெண்மதி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இன்னொரு தபா போலாமா?"

அன்று சாயங்காலம் சங்கீதா வீட்டுச் சமையல் மேடையிலேயே லேப்டாப்பை வைத்து வெண்மதி எழுதினாள். 'எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அதனால்தான் அவ்வளவு தூரம் போனேன்' என்று ஆரம்பித்தது. சனிக்கிழமை விடிவதற்குள் அது நகரியத்தின் எல்லா பிளாக்குக்கும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. காய்கறிக் கடையில் சிரித்தார்கள், பஸ் ஸ்டாப்பில் சிரித்தார்கள். சேர்வதற்கு யாரும் வரவில்லை. சங்கீதா ராத்திரி வண்டியைத் துடைத்து வைத்தாள், துடைக்கும்போது அழுதாள்.

ஞாயிறு காலை காபி நேரத்துக்குக் கதவைத் தட்டியது ஜானகியம்மாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். தலையில் கணவருடைய மஞ்சள் சுரங்கத் தொப்பி.

"கல்யாணமான நாள்லேருந்து பின்னாடி குந்திக்கினு, நிறுத்துங்க நிறுத்துங்கன்னே கத்திக்கினு வந்திருக்கேன்டி. எனக்கு அந்தப் பொண்ணு போன மாதிரி போவணும். பிரேக்கைக் கடைசில சொல்லிக் குடு."

சங்கீதா அவரைக் கட்டிக்கொண்டாள். தொப்பியை மாற்றி நல்ல ஹெல்மெட் போட்டுவிட்டாள். பிரேக்கை முதலில்தான் சொல்லிக்கொடுத்தாள், அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஜானகியம்மாள் ஒரு மணி நேரத்தில் அதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்.

குழந்தைவேல் வந்தபோது சங்கீதாவும் அருண்ராஜும் கேட்டில் நின்றிருந்தார்கள். வண்டி எங்கே என்றான். அதோ என்றாள் சங்கீதா. ஸ்கூட்டர் வந்தது, ஜானகியம்மாள் ஓட்ட, பின்னால் வெண்மதி அடுத்த கட்டுரைக்காகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர்களைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது, மறுபடி தாண்டிப் போனது. குழந்தைவேல் கையைக் காட்டிப் பார்த்தான். ஜானகியம்மாளும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

"அவங்களுக்கு நிறுத்தத் தெரியாதா அண்ணி?" என்றான் குழந்தைவேல்.

"தெரியும் தம்பி," என்றாள் சங்கீதா. "நிறுத்த மாட்டாங்க."

அருண்ராஜ் தம்பியின் தோளில் கையைப் போட்டு, வா, காபி குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போகலாம் என்றான்.