கட்டுப்படுத்தப்பட்ட வெளியேற்றம்

அணை அலுவலகத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர், வீட்டில் சின்னவள். மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் வெள்ள எச்சரிக்கைகளைத் தமிழாக்கி, தன் குரலிலேயே பதிவு செய்து, ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளுக்குக் கொடுத்தனுப்புவது அவள் வேலை. பதிவறை என்பது பழைய சாமான் அறைதான். எதிரொலி வராமலிருக்க சுவரெல்லாம் கம்பளி அடித்திருந்தார்கள். மழைக்காலத்தில் அது நனைந்த நாய்போல நாறும்.

அன்று காலை வந்த தாளிலும் வழக்கமான சொல்தான் இருந்தது: கண்ட்ரோல்ட் ரிலீஸ். அணை நிரம்பித் தன் இஷ்டத்துக்கு வழிவதற்கு முன்னால், மதகுகளை அளவாகத் திறந்து தண்ணீரை ஆற்றில் விடுவது என்று பொருள். 'கட்டுப்படுத்தப்பட்ட வெளியேற்றம்' என்று அதைத் தமிழாக்கியவள் அவளேதான். ஒவ்வொரு மழைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி, கேட்ட மாத்திரத்தில் மனசு அடங்கிவிடுகிற சொல்லாக அது பழகிவிட்டது. அவள் அக்காள் வீட்டில் ஆங்கிலத்திலேயே புழங்கியது. தெருப் பிள்ளைகளிடம் பிஸ்கட் டப்பாவை நீட்டும்போதெல்லாம் அத்தான், "கண்ட்ரோல்ட் ரிலீஸ்" என்பார். அக்காள் அவரைத் திட்டத் தொடங்கினாலும் அதையேதான் சொல்வார்.

மதகுப் பொறியாளர் கதவு வழியாகத் தலையை நீட்டினார். இந்த முறை தண்ணீர் கரையோடு நிற்காது, தாழ்வான தெருவுக்குள் இடுப்பளவாவது வரும், சாயங்காலத்துக்குள் அங்கே ஆளிருக்கக் கூடாது என்றார்.

"தாள்ல கண்ட்ரோல்ட்னு போட்டிருக்கே சார்."

"கண்ட்ரோல் மதகுக்குத்தாம்மா. எவ்வளவு திறக்கறதுங்கறது நம்ம கையில. திறந்தப்புறம் யார் வீட்டுக்குப் போறதுங்கறது தண்ணி கையில." டீ வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டு அவர் போனார்.

தாழ்வான தெருவில்தான் அக்காள் இருந்தாள். முட்டி ஆபரேஷன் ஆகி, கைத்தடியோடு. சின்னவள் நாலைந்து முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள் என்பது தெரிந்ததுதான். அந்த வீட்டை வாங்குவதற்கு முன் அக்காள் இவளைத்தான் கேட்டிருந்தாள்: தண்ணி ஆபீஸ்ல இருக்க, வாங்கலாமா? சின்னவளுக்கு அந்தத் தெருவின் மட்டம் தெரியும். ஆனால் அக்காளின் முகத்தில் திரைச்சீலையின் நிறம்கூட முடிவாகியிருந்தது. "யோசிச்சு செய்யுங்க" என்றாள். வாங்கிய பிறகு, அது தண்ணீர் ஏறும் தெரு என்று பக்கத்து வீட்டுக்காரி மூலம் தெரிந்ததும் அக்காள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வாங்காதேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா? அதோடு பேச்சு நின்றது.

அத்தானுக்கு அடித்துப் பார்த்தாள். எடுத்தார். பதற்றப்படாதே, கட்டுப்படுத்தித்தானே விடுகிறார்கள் என்று ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார். அவள் சொல்லையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கீறல்கூட விழாமல் திரும்பி வந்தது.

வழக்கமான வாசகத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். தாழ்வான பகுதிகளில் வசிப்போர் எச்சரிக்கையாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியோட்டியின் போன் வந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டதாம். அத்தான் கையாட்டினாராம். அக்காள் ஜன்னலைச் சாத்திவிட்டாளாம்.

சின்னவள் கம்பளிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேட்பது யார்? அந்த வினைச்சொல்லுக்குள் ஆளே கிடையாது. ஆளில்லாத அந்த வீட்டில் இத்தனை காலமும் தான் சௌகரியமாகக் குடியிருந்தது அவளுக்கு மெல்லத் தெரிந்தது. யாரையும் நோகடிக்காத குரல் என்று ஊரே பாராட்டிய குரல். யாரையும் நகர்த்தவும் செய்யாத குரல்.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கைப் போட்டாள்.

"அக்கா, நான்தான். ஜன்னலைச் சாத்தாத. சாயங்காலம் மதகைத் திறக்கப்போறோம். தண்ணி தெருவுக்குள்ள வரும், வீட்டுக்குள்ள வரும், இடுப்பு வரைக்கும் வரும். அந்த முட்டியை வச்சுக்கிட்டு அப்ப உன்னால நடக்க முடியாது. இப்பவே கிளம்பு. சோபாவை விட்டுடு. அத்தான் வரலேன்னா அவரையும் விட்டுடு, தானா பின்னால வருவார். அந்த வீட்டை வாங்காதேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப சொல்றேன், கிளம்புக்கா."

வாசலில் பொறியாளர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மத்தவங்களும் கேப்பாங்கம்மா," என்றார்.

அவள் மறுபடி மைக்கைப் போட்டாள். "தெருவுல இருக்கற எல்லாருக்கும் இதேதான்."

வண்டி மறுபடி போனது. முதலில் வெளியே வந்தவர் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர். பெட்டியோடு வந்து, "எந்த அக்கா?" என்று விசாரித்தாராம். பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. போகிறவர்கள் எல்லாரும் அக்காள் வாசலில் நின்று, உங்களைத்தானே சொல்றாங்க, நீங்களே கிளம்பலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீருக்கு அசையாதவளை அந்தக் கேள்வி கிளப்பிவிட்டது. அத்தான் கடைசியாக, சோபாவின் ஒரு மெத்தையை மட்டும் அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அக்காளின் போன் வந்தது.

"என் முட்டியை ஊர் முழுக்க ஏலம் போட்டுட்டியேடி."

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாப்புல. உன் வீட்டுக்குத்தான் வர்றோம், வேற போக்கிடம்?" பஸ் வருகிறதா என்று பார்க்க அத்தானை விரட்டினாள். "தண்ணி வடிஞ்சப்புறம் வீட்டுல என்ன மிஞ்சும்?"

'பாதிப்பின் அளவு பின்னர் தெரியவரும்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் அதை விழுங்கினாள்.

"சுவர் மிஞ்சும். சோபா போயிடும்."

"திரைச்சீலை?"

"கீழ்ப்பாதி போயிடும்."

"ம்," என்றாள் அக்காள். அழுகை மாதிரி இல்லை. கணக்குச் சரியாக வந்தவள் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மதகுகள் அளவாகத் திறக்கப்பட்டன. தண்ணீர் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போனது. மக்கள் தொடர்பு அதிகாரி விளக்கம் கேட்டிருந்தார்: ஒலிபரப்பில் வரும் 'கிளம்புக்கா' என்பது அங்கீகரிக்கப்பட்ட எந்த ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம்? சின்னவள் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தாள்: கண்ட்ரோல்ட் ரிலீஸ்.

வீட்டுக்குப் போனபோது அத்தான் மெத்தைமேல் தூங்கிப்போயிருந்தார். அக்காள் குளித்து, தங்கையின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றிக் கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

"எனக்கு இது நல்லா இருக்காடி?"

"இல்லக்கா."

அக்காள் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, தள்ளி உட்கார், கால் நீட்டணும் என்றாள்.