குச்சியின் இடுப்பளவு

"சித்தி, உங்க வயித்துக்குள்ள இருக்கிற பாப்பா எப்போ வெளிய வரும்?"

அக்கா மகள் விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் கேட்ட கேள்வி அது. கல்யாணமே ஆகாத சித்தி மேலாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாப்பா இல்லடி, சாப்பாடு" என்று சமாளித்தாள். அன்றே மறந்தும் போனாள். தராசே தன் பக்கம் இருக்கும்போது, நண்டுப் பிள்ளை சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? கையும் காலும் ஒல்லி, கழுத்து அதைவிட ஒல்லி. வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் அவளுடைய அலுவலகத்தில் அவளுக்குக் 'குச்சி' என்றே பெயர்.

அந்தப் பெயர் தந்த தெம்பில் அவள் கண்டவருக்கெல்லாம் உபதேசம் செய்தாள். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது பக்கத்து இருக்கை அக்கா. அக்கா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள்.

"லிஃப்ட் மேல இரக்கமே இல்லையாக்கா உங்களுக்கு?" என்பாள் குச்சி, அன்றைக்கு இரண்டாவது கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபடி.

"வாய் மட்டும் நல்லா வளர்ந்திருக்குடி உனக்கு" என்று அக்கா சிரித்துவிடுவாள்.

ஒருநாள் அலுவலகத்தில் எல்லாருக்கும் உடல் பரிசோதனை. நர்ஸுக்கு உதவ வேண்டியவர் வராததால், திரைக்குப் பின்னால் எழுதிக்கொடுக்க அக்கா உட்கார்ந்தாள். குச்சி தராசில் ஏறினாள். "சரியான எடை" என்றார் நர்ஸ். குச்சி அக்காவைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள்.

அடுத்து இடுப்பளவு நாடா. குச்சி மூச்சை இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டாள். இப்படிப் பலரைப் பார்த்த நர்ஸ், நாடாவைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார்: "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

கேள்வியை அந்தரத்தில் விடக்கூடாது, உடனே, முழுதாக, இனிமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். பழகிய வாய் சும்மா இருக்குமா? "கேட்டதற்கு மிக்க நன்றி மேடம். காலையில் நான் எதுவும் சாப்பிடவில்லை மேடம்." மூச்சு வெளியே போனது, வயிறு வீட்டுக்குத் திரும்பியது.

"எண்பத்தேழு சென்டிமீட்டர். எண்பதுக்குள்ள இருக்கணும்."

"எடை சரின்னீங்களே மேடம்."

"சரிதான். தராசு ஆளை மொத்தமா நிறுத்துடும், கொழுப்பு எங்க சேருதுன்னு அதுக்குத் தெரியாது. எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?"

கேட்கக் கேட்க குச்சி தன்னையே காட்டிக்கொடுத்தாள். விடியும்வரை கையில் போன். பகல் முழுக்க நாற்காலி. பசித்தால் கலர் சோடா, கூடவே பிஸ்கட்.

"வயித்துக்குள்ள சேருற கொழுப்பு ஒல்லியானவங்களையும் விடாதும்மா. சர்க்கரை வியாதியில கொண்டுபோய் விடலாம். இப்பவே நேரத்துக்குச் சாப்பிடுங்க, தூங்குங்க, கொஞ்சம் நடங்க. குறைஞ்சிடும்."

அக்கா தலை நிமிராமல் எழுதினாள். திரைக்கு வெளியே, குச்சியிடம் உபதேசம் கேட்டு நொந்த கூட்டம் முழுதும் வரிசையில் நின்றது. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் தலைகாட்ட முடியாது.

"அக்கா, நம்ம குச்சி எவ்வளவு?" என்று ஒருத்தி திரைக்குள் தலையை நீட்டினாள்.

"அதைத் தெரிஞ்சு நீ என்ன, அவளுக்குப் பாவாடை தைக்கப் போறியா? உன் வயித்தைக் கொண்டுவாடி முதல்ல" என்றாள் அக்கா.

சிரிப்பு அந்தப் பக்கம் போய்விட்டது. அக்கா குச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் குச்சியை என்னவோ செய்தது. நன்றி சொல்லாமலே தன் இருக்கைக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு நடக்கப்போன அக்கா இன்னும் திரும்பவில்லை. அறையில் குச்சியைத் தவிர யாரும் இல்லை. அக்காவின் தொலைபேசி மணி அடித்தது. எடுக்காவிட்டால் அந்த இருக்கைமேல் பழி விழும். குச்சி எழுந்துபோய் எடுத்தாள்.

வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடவில்லை என்று ஒரு மனிதர் பொரிந்து தள்ளினார். குச்சி நின்றபடியே எல்லா வசவையும் வாங்கிக்கொண்டாள். ஆளனுப்ப ஏற்பாடும் செய்தாள். கடைசியில் அவர் குரல் தணிந்தது. "பொறுமையா கேட்டியேம்மா. உன்னைப் பாராட்டி மேலிடத்துல சொல்லணும். உன் இருக்கை நம்பர் என்ன?"

கேள்வியை அந்தரத்தில் விடாமல், குச்சி அக்காவின் எண்ணைச் சொன்னாள்.

படியில் அக்காவின் காலடிச் சத்தம் கேட்டபோது அவள் தன் இடத்தில் இருந்தாள்.