இரண்டு வாயில்லாப் பூச்சிகள்

1

இந்தக் கதை ஒரு வரைபடத்தின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. ஏதோ கருத்தரங்கு. திரையில், நடுவே துணி நிறுவனங்கள் தடித்த புள்ளிகளாக ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஓரத்தில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள், கடுகுப் புள்ளிகளாக. ஆளுக்கு ஒரே கோடு, அதுவும் ஏஜெண்டோடு சரி. "ஓரத்துப் புள்ளிகளுக்குள் தொடர்பு இருக்காது. அது இயல்பு" என்றார் பேச வந்தவர்.

இயல்பாம்! அந்தக் கடுகில் ஒன்று என் அக்கா.

2

(முதல் தொடக்கம்: "தையல் மிஷினின் தாளத்தில் அவள் வாழ்க்கை..." அடித்துவிட்டேன். அக்காவுக்கு அது தாளமில்லை, இடுப்புவலி.)

சட்டைகளுக்கு ஓரம் அடிப்பது அவள் வேலை. துணிக்கட்டு ஏஜெண்டின் வேனில் வரும். நூல் மட்டும் அவள் கைக்காசில். அதைக் கேட்டால் ஏஜெண்டிடம் ஒரே பதில்தான்:

"இன்னொரு அம்மாவும் தைக்குது. வாயில்லாப் பூச்சி. நூலுன்னு ஒரு வார்த்தை பேசினதில்ல. உனக்கு முடியலன்னா சொல்லு, கட்டை அங்க இறக்கிடறேன்."

வேலை போய்விடும் என்று அக்கா அடங்கிப்போவாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் கரித்துக்கொட்டுவாள். [இதை மறைத்தால் அக்கா இன்னும் நல்லவளாகத் தெரிவாள். மறைக்கவில்லை.]

3

வேனுக்குப் புது டிரைவர். விவரம் தெரியாதவன். "பின்தெரு அம்மா வீடு பூட்டியிருக்குக்கா. அவங்க கட்டும் இங்கயே இருக்கட்டும்" என்று இறக்கிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அந்தம்மா கட்டை எடுக்க வந்தாள். அக்கா பாய்ந்தாள்:

"நீதானா அந்த வாயில்லாப் பூச்சி? உன்னாலதான் நான் நூல் வாங்கியே செத்தேன்!"

"நானா? உன்னைச் சொல்லித்தானேடி என் வாயை அடைச்சான்!"

"என்னையா? என்னைப் பார்த்தா வாயில்லாத மாதிரியா இருக்கு?"

"எங்க தெரு வரைக்கும் கேக்குதே, அப்புறமென்ன!"

4

கோடு இல்லாதது இயல்பல்ல ஐயா. ஒருவன் அன்றாடம் அழித்துக்கொண்டே இருக்கிறான். ஓரம் என்றால் ஒதுக்குப்புறம் என்று நினைப்பவர்கள் சட்டையின் ஓரத்தைப் பிரித்துப் பார்க்கட்டும். நடு எவ்வளவு நாள்...

(கோபத்தில் வாக்கியம் அறுந்தது. இருக்கட்டும்.)

5

ஒரு முடிவு: ஏஜெண்ட் நூலோடு வருகிறான். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பவில்லை.

நடந்தது இது. அக்கா வாசலில் நின்று நூல் கேட்டாள். அவன் "இன்னொரு அம்மா..." என்று ஆரம்பித்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்?"

அவன் கட்டை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இனி என் கையில் இல்லை. வேன் உங்கள் தெருப்பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே ஒருத்தியிடம் போய், இரண்டு வாயில்லாப் பூச்சிகள் இருப்பதாக அவன் ஆரம்பிப்பான். அதற்குள் அவள் கதவை நீங்கள் தட்டுவீர்களா?