மைனஸ் மூன்று வாங்கிய ஓவே ஹோல்க்

எஸ்கில் ராவ்ன்கில்டுக்கு அவருடைய வாய்தான் எதிரி. ராவ்ன்ஹோல்ம் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடங்களாகத் 'தெளிவாக எழுதுவது எப்படி' என்று பாடம் நடத்துகிறவர். அதே தலைப்பில் தடிமனாக ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். பாடம், கட்டுரை, தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் எங்கோ வைத்து நடத்தும் புதிய ஏற்பாட்டுக்குப் பல்கலைக்கழகம் மாறப்போகிறது என்று கேள்விப்பட்டதும், துறைக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார். அதற்குள் எல்லோரும் அதற்கு 'மேகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேகம் கலைந்துவிடும், அதில் போட்டது மழையாகக்கூடத் திரும்பி வராது என்று அவர் பேசிக்கொண்டே போனதில் எல்லோருடைய காபியும் ஆறிப்போயிற்று.

துறைத்தலைவர் பால்லே அவருடன் ஒன்றாகப் படித்தவர். "சரிப்பா, இவ்வளவு யோசிச்சிருக்கியே. மொதல்ல நீயே ஓட்டிப் பாரு. எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தன் பேச்சுக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று எஸ்கில் ஒரு நிமிடம் நம்பினார்.

ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவது என்று வீட்டில் உட்கார்ந்து ஓவே ஹோல்க் என்று இல்லாத ஒரு மாணவனை உருவாக்கி, தன் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார். ஓவே ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும், மேகம் அதைத் தொலைக்க வேண்டும். இதுதான் திட்டம். தொலைவது நல்ல கட்டுரையாக இருந்தால்தானே வழக்கு பலமாக இருக்கும்? தன் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து உட்கார்ந்து தட்டச்சு செய்தார். இரண்டு மூன்று இடங்களில் "அடடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் செய்தார்.

கட்டுரை தொலையவில்லை. எழுதியவர் பெயரை மறைத்து, மேகம் அதை நேராகச் சித்சலிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சித்சல் அவரோடு சேர்ந்து அந்தப் பாடத்தை நடத்தும் இளம் விரிவுரையாளர். சில நாட்களில் முடிவு வந்தது: மைனஸ் மூன்று.

அங்கே மதிப்பெண் பன்னிரண்டு வரை போகும்; பூஜ்யம் வாங்கினாலே தோல்விதான். மைனஸ் மூன்று என்பது தாளில் படம் வரைந்து கொடுக்கிறவர்களுக்கு. கீழே சித்சலின் குறிப்பு இருந்தது: 'ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது. எழுவாயைத் தேடிப் பிடிப்பதற்குள் பயனிலை தப்பித்துவிடுகிறது. என்ன சொல்ல வந்தோம் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. தெளிவைப் பற்றி இவ்வளவு குழப்பமாக எழுதத் தனித் திறமை வேண்டும்.'

எஸ்கில் அதை மனைவி டாக்னியிடம் காட்டினார். ஆறுதல் எதிர்பார்த்தார்.

"அந்த அத்தியாயமா?" என்றாள் டாக்னி. "நீ எழுதினப்பவே நான் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"தூக்கம் வருதுன்னு சொன்னேன். நீதான், களைப்பா இருக்கியா, போய்ப் படுத்துக்கோன்னு அக்கறையா போர்வையெல்லாம் எடுத்துக் குடுத்தே."

ஓவேயை ஓசைப்படாமல் அழித்துவிடலாம் என்று மேகத்துக்குள் நுழைந்தார். மதிப்பெண் வாங்கிய மாணவனை அழிக்க முடியாதாம். மேகம் எதையுமே தொலைப்பதாக இல்லை. போதாக்குறைக்கு ஓவேயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு முக்கோணம் முளைத்திருந்தது. படிப்பை விட்டுவிடும் அபாயத்தில் இருக்கும் மாணவன் என்று அர்த்தம். அந்த முக்கோணம் பால்லேயின் திரையிலும் முளைத்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பால்லே எஸ்கிலையும் சித்சலையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஏலக்காய் பன் இருந்தது.

"இந்தப் பையன் ஒரு வகுப்புக்கும் வரல. செய்தி அனுப்பினா தொறந்துகூடப் பாக்கல" என்றார் பால்லே. "உனக்கு இவனைத் தெரியுமா எஸ்கில்?"

"தெரியும்னு சொல்ல முடியாது. ஆனா பழக்கம்" என்றார் எஸ்கில். சொன்ன பிறகு அவருக்கே அது அபத்தமாகப் பட்டது.

சித்சலின் கண்கள் கலங்கியிருந்தன. "எல்லாம் என்னாலதான். பூஜ்யம் போட்டுட்டு விட்டிருக்கலாம். நாலாவது பக்கம் வந்ததும் கோவம் வந்துடுச்சு. பாவம், யாரோ சின்னப் பிள்ளை எழுதினது. அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன். மதிப்பெண்ணையும் கொஞ்சம் ஏத்திப் போட்டுடறேன்."

இதுவரை எப்படித் தப்பிப்பது என்றுதான் எஸ்கில் யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக இந்தப் பெண் தூங்காமல் இருந்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் இரக்கப்பட்டு ஏற்றிப்போடும் மதிப்பெண், மைனஸ் மூன்றைவிட மோசமாகக் குத்தும்போல இருந்தது.

"மாத்தாதீங்க சித்சல். நீங்க போட்டது சரிதான்" என்றார். "அது சின்னப் பிள்ளை இல்ல. நான்தான்."

நடந்ததைச் சொன்னார். பால்லே முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு காபி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். சித்சல் காதுவரை சிவந்துபோனாள்.

"அப்ப அது உங்க புத்தகத்துல இருக்கறதா?"

"மூணாவது அத்தியாயம். நம்ம மாணவர்களுக்குக் கட்டாயப் பாடம்."

"நான் இன்னும் மூணாவது வரைக்கும்..." என்று இழுத்தாள்.

"மொதல் ரெண்டும் எப்படி இருந்துச்சு?"

சித்சல் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். எஸ்கிலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் அந்த அத்தியாயத்தைச் சித்சலின் குறிப்போடு பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். 'அடடா' என்று சொல்லிய இடங்களில்தான் முதலில் கத்தி வைக்க வேண்டியிருந்தது. பதினான்கு பக்கம் நான்காகச் சுருங்கியது. வெட்டிய பத்துப் பக்கங்களில் என்னதான் இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். அவருக்கே நினைவு வரவில்லை.

மேகத்தில் என்ன குறை என்று பால்லேக்கு ஒரே வரியில் எழுதி அனுப்பினார்: 'குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் மறதி இருந்தால் நன்றாக இருக்கும்.' பிறகு ஓவே ஹோல்க்கை மறுதேர்வுக்குப் பதிவு செய்து, அந்த நான்கு பக்கங்களைக் கொடுத்தார். தள்ளுபடி எதுவும் வேண்டாம் என்று சித்சலிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

முடிவு வந்தபோது அவர் பேருந்தில் இருந்தார். நான்கு. தேறிவிட்டான், ஆனால் சுமார். 'இரண்டாவது பத்தி இப்போதும் நீளம்தான்' என்று எழுதியிருந்தாள் சித்சல். பேராசிரியர் பதவி கிடைத்த நாளில்கூட அவர் யாருக்கும் தொலைபேசியில் சொல்லவில்லை. இப்போது டாக்னியைக் கூப்பிட்டார்.

"தேறிட்டேன்!"

பக்கத்து இருக்கையில் இருந்தவர் திரும்பி, அவருடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொன்னார்.