ஆறு சிப்பிப் பொத்தான்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. ஒரு கோட்டு கடல் தாண்டிப் போன கதை சொல்றேன். சின்னக் கதைதான், உலை கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.

ஐம்பத்தொன்றாம் வருஷம். பாலக்கரையில் இருதயமேரி என்று ஒருத்தி. வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன், மேற்பார்வை வேலை. ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்திலும் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு தவறியதில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் மதில் மேலாகப் பக்கத்து வீட்டு நஜ்முன்னிசாவுக்குப் போகும். வெள்ளிக்கிழமை அதே கிண்ணத்தில் நெய்ச்சோறு திரும்பி வரும். பதினைந்து வருஷப் பழக்கம்.

மேரியின் தம்பி சவரிமுத்துவுக்குப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை. கொரியாவில் சண்டை மூண்டதும், காயம்பட்டவர்களுக்கு மருந்து போட இங்கிருந்து போன கூட்டத்தில் அவனும் போனான். "அக்கா, இங்கே பிள்ளைகள் சாக்கைச் சுற்றிக்கொண்டு குளிரில் திரிகின்றன. பழைய உடுப்பு கிடைத்தால் அனுப்பு" என்று கடிதம் போட்டான்.

குளிர் என்றால் நமக்கு என்ன தெரியும்? மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆற்றில் முங்கி எழுகிறவர்களுக்குப் பல் கிடுகிடுக்குமே, அதுதான் நாம் கண்ட குளிர். ஒரு டம்ளர் காபி உள்ளே போனால் அதுவும் ஓடிப்போகும்.

ஆனாலும் மேரி தெரு முழுக்க ஏறி இறங்கித் துணி சேர்த்தாள். நஜ்முன்னிசா பெட்டியைத் திறந்து, இறந்துபோன, தன்னைப் பெற்ற அத்தாவின் கம்பளிக் கோட்டை எடுத்து வந்தாள். ஊட்டியில் கடை வைத்திருந்தபோது அவர் தைத்துக்கொண்டது. முன்பக்கம் ஆறு சிப்பிப் பொத்தான், வெயிலில் பிடித்தால் மீன் செதில் மாதிரி மின்னும். அத்தா பேரைச் சொல்லி ஒரு பிள்ளைக்காவது குளிர் அடங்கட்டும் என்று கொடுத்தாள்.

அன்று மத்தியானம் மேரி துணிகளைப் பிரித்து உட்கார்ந்தாள். பழைய சட்டையைக் கழிக்கும்போது பொத்தானை அறுத்து எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வீடுகளில் கைப்பழக்கம். கரித்துணிக்குப் பொத்தான் எதற்கு? ரேடியோவில் பாட்டு ஓட ஓட, கத்தரிக்கோலும் அதுபாட்டுக்கு ஓடியது. கோட்டு கைக்கு வந்தபோதும் அது நிற்கவில்லை. ஆறும் பிஸ்கட் டப்பாவில் விழுந்தன. அவள் அதை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

துணி மூட்டை கப்பலேறிப் போய், தை மாதம் தம்பியிடமிருந்து பதில் வந்தது. நஜ்முன்னிசா வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்கள் கூடியிருக்க, மேரியே உரக்கப் படித்தாள்.

"கோட்டு ஒரு சின்னப் பெண்ணுக்குக் கிடைத்தது அக்கா. கணுக்கால் வரைக்கும் வருகிறது. வழியில் எவனோ எல்லாப் பொத்தானையும் அறுத்துவிட்டான். ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டால்தான் நெஞ்சில் காற்று அடிக்காது. மிச்சமிருக்கிற ஒரு கையால் கிண்ணத்தைப் பிடித்தால் கஞ்சி சிந்துகிறது. அதனால் கிண்ணத்தைப் பனியில் வைத்துவிட்டு, கன்றுக்குட்டி மாதிரி குனிந்து குடிக்கிறாள்."

பெண்கள் கொதித்தார்கள். கப்பலில் ஏற்றியவன்தான் என்றாள் ஒருத்தி. இறக்கியவன் என்றாள் இன்னொருத்தி. நஜ்முன்னிசா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "மவுத்தாப்போன அத்தாவோட கோட்டுல கை வச்சவன் கை வெளங்குமா?"

மேரி கடிதத்தை மடித்தாள். வலது கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்தால் அந்தப் பெண்தான் எதிரே குனிந்தாள். புதுப் பொத்தான் வாங்கி அனுப்பிவிட்டுப் பேசாமல் இரு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார் வீட்டுக்காரர். சொன்னால் நஜ்முன்னிசா முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் எந்தப் பாவமும் அறியாத யாரோ ஒருவன் தலையில் அந்தச் சாபம்.

நாலாம் நாள் டப்பாவோடு மதிலைச் சுற்றிப் போய் வாசற்படி ஏறினாள்.

"நஜ்மு, நீ சொன்னியே, அந்தக் கை இதுதான். டப்பாவோட எல்லாத்தையும் தம்பிக்கே அனுப்பிடறேன்."

நஜ்முன்னிசா டப்பாவைக் கவிழ்த்தாள். அவ்வளவு பொத்தானுக்குள் தன் ஆறையும் தேடிப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "டப்பாவுல ஊசி நூலு வச்சிருக்கீங்களாக்கா?"

இல்லை என்று மேரி தலையை ஆட்டினாள்.

"அப்ப அந்தப் புள்ளை பல்லாலயா தைக்கும்?"

அவளே எழுந்து போய் ஊசியும் நூல்கண்டும் கொண்டுவந்து, ஆறையும் தனியாக ஒரு துணியில் முடிந்து டப்பாவில் வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

டப்பா போய்ச் சேர்வதற்குள் அங்கே பனி உருகிவிட்டது. மற்றச் சட்டைகளுக்கெல்லாம் தைத்தாயிற்று, அந்தப் பெண்ணை மட்டும் லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள், கண்டால் தைத்துக் கொடுக்க ஆறையும் பையிலேயே வைத்திருக்கிறேன் என்று எழுதினான் சவரிமுத்து.

ஐம்பத்து நாலில் அவன் ஊர் திரும்பினான். பையில் ஆறும் அப்படியே இருந்தன. நஜ்முன்னிசா மூன்றை எடுத்துக்கொண்டு மூன்றை மேரியின் வலது கையில் வைத்து மூடினாள். அதற்கப்புறம் மேரி யாருக்குப் பழைய சட்டை கொடுத்தாலும், முதலில் விளக்குக்கு நேரே பிடித்துப் பொத்தானைத்தான் பார்ப்பாள். இல்லாத இடத்தில் தைத்த பிறகுதான் கொடுப்பாள்.

உலை கொதிச்சாச்சு, எழுந்திருங்க. உங்க வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும். உங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் ரெண்டு கையாலயும் கிண்ணத்தைப் பிடிச்சு, நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கட்டும்.