முனியப்பன் அடித்த மணி

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில் இருந்த முனியப்பன் படிப்பகத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுந்தரி சரித்திரம் பேசினாள். 1966-ஆம் வருஷம் அது ஆரம்பித்தது. அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை. அப்பா மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். மைசூரில் எம்.ஏ. முடித்து வந்தவளுக்கு, வகுப்பில் அசோகரையும் அக்பரையும் நடத்தி நடத்தி அலுத்துவிட்டது. பிள்ளைகள் வருஷங்களை மனப்பாடம் செய்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மறந்துபோனார்கள். தாங்கள் நிற்கிற மண்ணுக்கும் சரித்திரம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் யாரும் சொன்னதில்லை.

அவளைப் படிப்பகத்துக்குக் கூப்பிட்டவர் அதன் செயலாளர் கங்காதரன். சுரங்கத்தில் வேலையாட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர்.

"எங்காளுங்க பேப்பர் படிக்க வராங்க, கேரம் ஆட வராங்க டீச்சர். நீங்க வந்து நாலு விஷயம் சொல்லுங்க. புரியற மாதிரி சொன்னா போதும்" என்றார்.

முதல் கூட்டத்தில் கோலாரம்மா கோயில் சுவரில் இருக்கிற சோழர் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்து அங்கே இருக்கிறது என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்போ நாம இன்னா, நேத்து பொழைக்க வந்தவங்க இல்ல" என்று பின்னாலிருந்து ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

"அந்தக் கல்வெட்டு வெட்டினவங்க வேற, வடாற்காட்டுலேருந்து கூடை தூக்கிக்கிட்டு வந்த நம்ம பாட்டன் வேற" என்றாள் சுந்தரி. "ரெண்டையும் சேத்துக் கட்டினா கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா சேராது."

கூட்டம் சிரித்தது. அடுத்த மாதம் இன்னும் அதிகம் பேர் வந்தார்கள்.

டிசம்பரில் கங்காதரன் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். ஜனவரியில், படிப்பகத்துக்குப் பெயர் கொடுத்த சுரங்க மேஸ்திரி முனியப்பனின் இருபதாவது நினைவு நாள். அன்றைக்கு அவரைப் பற்றி அவள்தான் பேச வேண்டும் என்றார்.

முனியப்பனின் கதை சுந்தரிக்கும் தெரியும். பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்த நாள். முனியப்பன் தன் கீழ் வேலை செய்தவர்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே அனுப்பினார். "நீங்க போங்க, நான் இங்கியே இருக்கேன். உங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நின்று உயிரை விட்டார். ஒவ்வொரு வருஷமும் இந்த வசனத்தைக் கங்காதரன் மேடையில் குரல் தழுதழுக்கச் சொல்வார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"பேசறேன் சார். அதுக்கு முன்னாடி கொஞ்சம் விசாரிக்கணும்" என்றாள் சுந்தரி.

"இன்னாத்த விசாரிக்கறது? ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

"கூட இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

கங்காதரன் யோசித்தார். கடைசி கேஜில் வந்தவர்களில் மரியகுழந்தை ஒருவர்தான் மிச்சம் என்றும், அவர் வேலையை விட்டுவிட்டுப் பங்காருபேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ரயிலேறிப் போனாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் கடை. மரியகுழந்தை ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைக் கேட்டதும் டியூபைக் கீழே வைத்தார்.

"மேஸ்திரிதான் எங்கள ஏத்துனாரு. அது சத்தியம்" என்றார். "ரெண்டு தடவ கேஜு போயி வந்துச்சி. மூணாவது தடவ நாங்க ஆறு பேரு. கேஜுல எடமில்ல. எங்கள உள்ள தள்ளிக் கதவ சாத்துனாரு."

"அப்போ என்ன சொன்னாரு?"

"'போங்கடா, அடுத்ததுல வரேன்'னு சொன்னாரு."

"நான் இங்கேயே இருக்கேன்னு சொல்லலையா?"

"அடுத்ததுல வரேன்னுதான் சொன்னாரு. நாங்க மேல வந்து எறங்குறோம், கீழேருந்து மணி அடிக்குது. கேஜ அனுப்புன்னு அடிக்கிற மணி. எங்க கேஜு வரும்போதே ஷாஃப்ட்டுக் குழியில மரச்சட்டம் எல்லாம் நவுந்து, இடிச்சிக்கினு இடிச்சிக்கினு வந்துச்சி. திருப்பி எறக்குனாங்க. பாதியிலியே மாட்டிக்கிச்சி."

"இதை நீங்க யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"யாரும் கேக்கலம்மா. அடுத்த வருசம் கூட்டத்துல வேற மாதிரி சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சி. மேஸ்திரிக்குக் கௌரவந்தானேன்னு உட்டுட்டேன்."

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுந்து பேச முடியாது. அன்றைக்கு மேலே கேஜை இயக்கும் எஞ்சினில் இருந்தவர் எட்மண்ட் என்ற ஆங்கிலோ-இந்தியர். இறந்துவிட்டார். அவர் மகள் ஐடா ஊரிலேயே நர்ஸாக இருந்தாள். அவள் வீட்டுக்குப் போன சுந்தரி, மரியகுழந்தை சொன்னது எதையும் சொல்லாமல், உங்கள் அப்பா அந்த நாளைப் பற்றி ஏதாவது பேசியிருக்கிறாரா என்று மட்டும் கேட்டாள்.

ஐடா டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள். "டாடி அந்த வீக் முழுசும் தூங்கலே. மணி கேக்குது, மணி கேக்குதுன்னு எழுந்து உக்காருவாரு. கேஜ் இறங்க மாட்டேங்குது, கீழ ஒரு ஆள் பெல் அடிச்சிட்டே இருக்கான், நான் லீவரைப் பிடிச்சிட்டு சும்மா உக்காந்திருந்தேன்னு சொல்வாரு. டாடி மேல தப்பில்லே. எல்லாரும் சொன்னாங்க. அவரு நம்பலே."

"ரொம்ப நேரம் அடிச்சதா சொன்னாரா?"

"ஆமா. அப்புறம் நின்னுபோச்சு."

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் சுந்தரிக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். மைசூரில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் அது போதும். ஆனால் கல்வெட்டில் இருக்கிற சோழனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் யாரும் பாலகாட்டில் இல்லை. முனியப்பனுக்கு இருந்தார்கள். ஊர் அறிவதற்கு முன்னால் அவர்கள் அறிய வேண்டும் என்று தோன்றியது.

முனியப்பனின் மனைவி பார்வதம்மா சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. மகள் மாலா உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். இந்த வருசம் நீங்கதான் பேசறீங்களாமே."

"அதுக்குத்தாங்க வந்தேன். ஒரு விஷயம் தெரிய வந்தது. கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்."

சுந்தரி கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பார்வதம்மாவின் கை அவரைக்காய் மேலேயே நின்றுவிட்டது.

"அடுத்ததுல வரேன்னு சொன்னாரா?"

"அப்படித்தான் மரியகுழந்தை சொல்றாரு."

"மணி அடிச்சிக்கினே இருந்தாரா?"

"ஆமாங்க. ரெண்டு பேருமே சொல்றாங்க."

"அப்ப வூட்டுக்கு வரணும்னுதான் இருந்தாரு." பார்வதம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். "இருவது வருசமா அந்தாளு மேல எனக்கு இன்னா கோவம் தெரியுமா? மாலை போடறாங்க, கை தட்டறாங்க. நான் மேடையில உக்காந்துக்கினு மனசுக்குள்ள கேப்பேன். யோவ், ஊரானுக்குப் புள்ளகுட்டி இருக்குதுன்னியே, உனுக்கு இல்லியா? எங்கள நெனச்சியா நீ? இத வெளிய சொல்ல முடியுமா? சாமி மாதிரி வெச்சிருக்காங்களே."

அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க டீச்சர். எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள்.

சுந்தரி மனசு லேசாகித் திரும்பினாள். ஆனால் அந்த வாரமே பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மாலா கேட் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா சரியா சாப்பிடறதில்ல. ராத்திரியில எழுந்து உக்காந்துக்குது" என்றாள் மாலா. "இத்தினி நாளா எங்கப்பா நிம்மதியா, மனசார செத்தாருன்னு நெனச்சிக்கினு இருந்தோம். இப்போ இருட்டுல மணி அடிச்சி அடிச்சி யாரும் வரலன்னு ஆயிடுச்சி. நீங்க படிச்சவங்க, விசாரிச்சி எழுதிட்டுப் போயிடுவீங்க. நாங்க இத வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"எனக்குத் தெரியல மாலா" என்றாள் சுந்தரி. அதுதான் உண்மை. "அம்மா வேணாம்னா நான் பேசல. வேற ஏதாவது பேசறேன். ஆனா பழைய கதைய என் வாயால சொல்ல முடியாது."

மாலா போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே திரும்பி வந்தாள். கோபம் முழுசாகத் தீரவில்லை. "பேசச் சொல்லுது அம்மா. மேடைக்கு வராதாம். எதிர்ல உக்காந்து கேக்குதாம்" என்றாள்.

கங்காதரனிடம் சொன்னபோது அவர் முகம் சிறுத்துப்போனது.

"மாலையக் கழட்டச் சொல்றீங்களா டீச்சர்?"

"இல்ல சார். அத்தனை பேரையும் ஏத்தி அனுப்பிட்டுக் கடைசியா நின்னது அவருதான். அதை யாரும் மாத்த முடியாது. சாகணும்னு நின்னாருங்கறது மட்டும்தான் இல்ல."

"ஜனங்களுக்கு ஒரு பெரிய மனுசன் வேணும்."

"பெரிய மனுஷனுக்கு வீட்டுக்குப் போகணும்னு ஆசை இருக்கக்கூடாதா?"

"அந்த வசனம் நான் கட்டினதுதான்" என்றார் கங்காதரன். "எழவு வூடு மாதிரி இருந்துச்சி ஊரு. ஏதாவது சொல்லணும் போல இருந்துச்சி. நீங்க பேசுங்க. நான் தலைமை தாங்கல."

நினைவு நாளில் படிப்பகம் நிறைந்து வெளியே வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். பார்வதம்மா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில், மகளோடு உட்கார்ந்திருந்தாள். சுந்தரி அலங்காரமாகப் பேசவில்லை. இதை மரியகுழந்தை நேரில் பார்த்தார், இதை ஐடா தன் அப்பா சொல்லிக் கேட்டாள், இது எனக்குத் தெரியவில்லை என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொன்னாள். முனியப்பன் கடைசியில் என்ன நினைத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது, அவர் மணி அடித்தார் என்பதை மட்டும் சொல்ல முடியும் என்றாள்.

நடுவில் ஒருவர் எழுந்தார். "செத்தவர அசிங்கப்படுத்தறீங்க" என்றார். அவரோடு இன்னும் சிலர் எழுந்து வெளியே போனார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் அடங்கும்வரை சுந்தரி காத்திருந்தாள்.

அப்போது கதவருகே நின்றிருந்த பாறையில் துளை போடும் டிரில்லர் ஒருவர், யாரையும் பார்க்காமல் பேசினார். "நானும் தெனம் அடுத்த கேஜுல வரேன்னு சொல்லிட்டுத்தான் எறங்கறேன். இதுல இன்னா அசிங்கம்?"

பிறகு யாரும் எழுந்து போகவில்லை. பேச்சு முடிந்ததும் யாரும் கை தட்டவும் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பார்வதம்மாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாலா மட்டும் சுந்தரியின் பக்கம் பார்க்காமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

அதன்பின் இரண்டு மாதம் கூட்டம் நடக்கவில்லை. கங்காதரன் ஆள் அனுப்பவில்லை. மார்க்கெட்டில் சிலர் சுந்தரியின் அப்பாவிடம், உங்க பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டார்கள். அவர் சர்க்கரையை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொடுத்துவிட்டு, "அது படிச்ச படிப்பு அதுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரலில் கங்காதரனே வந்தார். ஆட்கள் கேட்கிறார்கள் என்றார். பாறை சரிந்த கதைக்குப் பிறகு, தங்கள் அப்பா, மாமன் பற்றியெல்லாம் டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நாலைந்து பேர் படிப்பகத்துக்கு வந்து போகிறார்களாம்.

அந்த மாதம் சுந்தரி பேத்தமங்களா ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்த விதத்தைப் பற்றிப் பேசினாள். பார்வதம்மா தனியாக வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குழாய் போட்ட நாளில் ஜனங்கள் சந்தோஷத்தில் ஆடிப்பாடினார்கள் என்று சுந்தரி சொன்னபோது பார்வதம்மா கையைத் தூக்கினாள்.

"அத யாரு பாத்தாங்க டீச்சர்?"

சுந்தரி பேச்சை நிறுத்தினாள். ஒரு பழைய விழா மலரில் எங்கோ படித்தது அது. யார் எழுதியது, அவர் அங்கே இருந்தாரா என்று அவள் பார்த்திருக்கவில்லை.

"தெரியலங்க" என்றாள். "விசாரிச்சு அடுத்த மாசம் சொல்றேன்."

"விசாரிங்க" என்றாள் பார்வதம்மா. "எங்க மாமியாரு பேத்தமங்களாதான். அவங்க தங்கச்சி இன்னும் இருக்குது. நான் கூட்டிக்கினு போறேன்."